கடைக்குள் மட்டும் கிளம்பாத வண்டி

கணக்கு டீச்சரின் வண்டியை ஏற்றிக்கொண்டு போன வேன் தெருமுனையைத் தாண்டி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, ஷோரூமிலிருந்து டீச்சருக்குப் போன் வந்துவிட்டது. வண்டியில் ஒரு கோளாறும் இல்லையாம். கீழே இறக்கிப் பட்டனை அழுத்தினார்களாம், முதல் அழுத்தலிலேயே கிளம்பிவிட்டதாம். போனை வைத்த கையோடு டீச்சர் இதை மெக்கானிக்கிடம் சொன்னார். சொல்லிவிட்டு, வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைப் பார்ப்பதுபோல அவரையே பார்த்தார்.

மெக்கானிக் முகத்தில் ஈயாடவில்லை. காலையில் அந்த வண்டி நன்றாகத்தான் ஓடிவந்தது. செயினை இழுக்கும் பல்சக்கரம் தேய்ந்திருந்தது, அதை மாற்றினார். இருபது வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. மாட்டி முடித்துப் பட்டனை அழுத்தினால் மூச்சுப் பேச்சு இல்லை. திரையில் ஒரு மஞ்சள் முக்கோணம், அதன் கீழே ‘சேவை மையத்தை அணுகவும்’ என்று ஒரே ஒரு வரி. எதற்காக அணுக வேண்டும் என்று ஒரு சொல் கிடையாது. பழைய வண்டி என்றால் இருமும், புகையும், முக்கும், எங்கே நோகிறது என்று எப்படியாவது காட்டிவிடும். இந்தப் புது வண்டிகளோ எதைக் கேட்டாலும் ‘எங்கள் வக்கீலிடம் பேசிக்கொள்’ என்று கதவைச் சாத்துகிற பெரிய வீட்டு ஆட்களைப் போல இருக்கின்றன.

மெக்கானிக் சும்மாவே ஒரு சந்தேகப் பிராணி. டீக்கடையில் தன் டம்ளரை வாங்கியதும் பக்கத்து ஆளின் டம்ளரில் எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்க்காமல் ஒரு வாய் குடிக்க மாட்டார். வீட்டில் போன் மணி ஒருமுறை அடித்து நின்றால், யார், ஏன் நிறுத்தினார்கள் என்று அரை நாள் ஆராய்ச்சி நடக்கும். “வந்துட்டாரு துப்பறியும் சிங்கம்” என்பாள் மனைவி.

ஆனால் அடுத்தவரின் சந்தேகத்தால் அவரே ஒருமுறை அடிபட்டும் இருக்கிறார். வெகு நாட்களுக்கு முன்பு ஒரு வாடிக்கையாளர், “என் வண்டி புது போல்டையெல்லாம் எடுத்துக்கிட்டு பழசை மாட்டி அனுப்பிட்டே” என்று நடுத்தெருவில் நின்று கத்திவிட்டுப் போனார். பொய்தான். ஆனால் அன்று ராத்திரி மெக்கானிக்குக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த நாளே ஒரு பழைய ஸ்பீக்கரை உடைத்து, அதிலிருந்த உள்ளங்கை அகலக் காந்தத்தைப் பிடுங்கி எடுத்தார். அன்று முதல் எந்த வண்டி வந்தாலும், வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே வண்டியின் சட்டத்தில் அந்தக் காந்தத்தை ஒட்டிவிடுவார். கழற்றுகிற போல்டெல்லாம் அந்த வண்டியிலேயே, வாடிக்கையாளரின் கண்முன்னாலேயே இருக்கும். எல்லாம் மாட்டி, இன்ஜினைக் கிளப்பிக் காட்டி, அதற்கு அப்புறம்தான் காந்தத்தை உருவுவார். முன்னும் பின்னும் திருப்பிக் காட்டி, “பாத்துக்கங்க, ஒண்ணும் மிச்சமில்ல” என்பார். அந்தக் கடையின் பத்திரமும் முத்திரையும் அதுதான்.

டீச்சர் வண்டி போன மறுவாரம் மருந்துக்கடைக்காரர் வந்தார். அதே கம்பெனி, அதே மாடல், தேய்ந்து போனதும் அதே பல்சக்கரம். மாற்றினார். பட்டனை அழுத்தினார். மஞ்சள் முக்கோணம். வயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார், பேட்டரியைச் சோதித்தார், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் ஒன்றும் சிக்கவில்லை. வேன் வந்தது. காந்தத்தை உருவிக்கொண்டு வண்டியை ஏற்றிவிட்டார். ஷோரூமில் இறக்கியதும் கிளம்பிவிட்டது.

“உங்க கடை ராசி அப்படி போல” என்று சிரித்தார் மருந்துக்கடைக்காரர். பிறகு போனை நீட்டினார். “இங்க பாருங்க. வண்டி இப்ப எங்க நிக்குதுன்னு இதுலயே தெரியும். இதோ, ஷோரூம் வாசல்ல நிக்குது.”

மெக்கானிக்குக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. வண்டி எங்கே நிற்கிறது என்று இவருக்குத் தெரிந்தால், கம்பெனிக்குத் தெரியாதா? தெரிந்தால், வேண்டாத இடத்தில் நிற்கும்போது கழுத்தைத் திருகிவிட முடியாதா? வெளிக்கடைகள் எல்லாம் ஒழிந்தால் யாருக்கு லாபம்? கேள்வி வரிசையாக வந்தது. பதிலும் கூடவே கைகோத்துக்கொண்டு வந்தது. இந்த ஊரில் இப்போது பத்து வண்டிக்கு நாலு வண்டி இந்த மாடல்தான். அந்தக் கடையில் கை வைத்தால் வண்டி செத்துவிடும் என்று பேர் பரவினால், கதவை இழுத்து மூடிவிட்டுப் போக வேண்டியதுதான்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் டீச்சர் மறுபடியும் வந்தார். பல்சக்கரத்துக்குப் பின்னால் எண்ணெய் கசிகிறதாம். ஷோரூமில் ஒன்பது நாள் காத்திருக்கச் சொன்னார்களாம். “நீங்களே பாருங்க. சாயங்காலம் ஸ்கூல் விட்டதும் வரேன்” என்று சாவியைக் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்துப் போனார்.

மெக்கானிக் இந்தத் தடவை தயாராக இருந்தார். பின்சக்கரத்தை இரும்பு ஸ்டாண்டில் தூக்கி வைத்து, சைடு ஸ்டாண்டை மடக்கி, காந்தத்தை ஒட்டி, பல்சக்கர மூடியைத் திறந்து, கசிவை அடைக்கும் ரப்பர் வளையத்தை மாற்றி, எல்லாவற்றையும் பூட்டினார். பட்டனை அழுத்தினார். எதிர்பார்த்தபடியே முக்கோணம். “வா மவனே” என்றார் சத்தமாக. காந்தத்தை மேஜைமேல் வைத்தார், வண்டியை இறக்கினார், வேர்க்க விறுவிறுக்கத் தெருமுனை பேக்கரி வரை தள்ளிக்கொண்டு போனார். அங்கே வைத்துப் பட்டனை அழுத்தினார்.

கிளம்பிவிட்டது. பேக்கரிக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கைதட்டினார் மெக்கானிக்.

ஏறி உட்கார்ந்து கடைக்கே ஓட்டிக்கொண்டு வந்தார். கடைக்குள் வந்தும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. இது அவருடைய கணக்கைக் கொஞ்சம் உதைத்தது. சரி, மூடியை இன்னொரு தடவை திறந்து பார்ப்போம் என்று அணைத்தார், ஸ்டாண்டில் தூக்கினார், காந்தத்தை ஒட்டினார், திறந்தார், ஒன்றுமில்லை, பூட்டினார். பட்டனை அழுத்தினார். முக்கோணம். இப்போது கணக்கு சரியாகிவிட்டது. உள்ளே வந்த உடனே கொன்றால் நமக்குச் சந்தேகம் வரும் என்று, பத்து நிமிடம் பொறுத்துக் கொல்கிறார்கள்! எவ்வளவு மூளை பாருங்கள்.

மிச்சம் ஒரு கேள்விதான். இந்தச் சந்துக்குள் கிடக்கிற கடையை, வாசலில் ஒரு பலகைகூட இல்லாத கடையை, கம்பெனிக்குக் காட்டிக் கொடுத்தது யார்?

அந்தக் கேள்வியை அவர் விரும்பிக் கேட்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பதில் வீட்டுக்குள் இருந்தது. மனைவியின் தம்பி அந்த ஷோரூமில்தான் வேலை பார்க்கிறான். லேப்டாப்பை வண்டியில் மாட்டிக் கோளாறு படிக்கிற வேலை. ஒரு வருடம் வேலையில்லாமல் அலைந்து கிடைத்தது. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுப் பைக்குள் கம்பெனியின் கோளாறு படிக்கும் பெட்டியை மறைத்து எடுத்துக்கொண்டு வந்து, இவர் கடையில் மாட்டிக்கொண்டிருந்த ஒரு வண்டியைச் சரிசெய்து கொடுத்தான். பெட்டி ஷோரூமை விட்டு வெளியே போகக் கூடாது என்பது சட்டம்.

“ஒருத்தருக்கும் மூச்சு விடாதீங்க” என்று அன்றைக்கே மனைவி எச்சரித்தாள். “தெரிஞ்சா அன்னிக்கே அவனை வெளிய அனுப்பிடுவாங்க.”

“எனக்குத் தெரியாதா?” என்றார் இவர்.

அதே ஞாயிற்றுக்கிழமைதான், போகும்போது மச்சினன் வாசலில் நின்று போனை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தான். கடைக்குள் குனிந்து ஒரு படம் எடுத்தான். “என்னடா பண்றே?” என்றதற்கு, “ஒண்ணுமில்ல மாமா, சும்மா” என்று சிரித்தான். சும்மாவா? மெக்கானிக் கைத்துணியில் விரலைத் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்தார். மேப்பைத் திறந்து தன் தெருவைத் தேடினார். கண்ணாடி வீட்டில் கிடந்தது, எழுத்தெல்லாம் எறும்பாகத் தெரிந்தது. ஆனாலும் அந்தச் சிவப்புப் புள்ளி தெரிந்தது. தன் கடையின் மேலேயே குத்தி வைத்த புள்ளி. தொட்டால் கடையின் படம். எப்போது போட்டது என்று மட்டும் பேக்கரிக்காரரிடம் காட்டிப் படிக்கச் சொன்னார். சரியாக அந்த ஞாயிற்றுக்கிழமை.

நெஞ்சில் கல்லைத் தூக்கிப் போட்டாற்போல இருந்தது. கோபத்தைவிட அவமானம்தான் அதிகம். தன் கையால் சோறு பரிமாறி உட்கார வைத்த பையன். கடையைப் பூட்டக்கூட இல்லை, நேராக ஷோரூமுக்குப் போனார்.

ஷோரூமில் தரை கண்ணாடி மாதிரி இருந்தது. எண்ணெய்ச் செருப்போடு நடந்த தடம் வாசலிலிருந்து மேனேஜர் அறை வரை வரிசையாக விழுந்தது. மேனேஜர் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார்.

“உக்கார வரல. என் கடையை எந்தக் கம்ப்யூட்டர்ல குறிச்சு வெச்சிருக்கீங்க? அதை எடுங்க.”

“சார், எனக்குப் புரியல.”

“புரியாது. என் கடைக்குள்ள வந்தா உங்க வண்டி சாகுது. நூறடி தள்ளிக் கொண்டு போனா உயிர் வருது. இதுக்கு என்ன பேரு?”

“எங்க வண்டியில அப்படி ஒரு வசதியே இல்ல சார்.”

“கழுத்தறுக்கறதுக்குப் பேரு வசதியா?”

சத்தம் கேட்டு மச்சினன் உள்ளே ஓடிவந்தான். கம்பெனிச் சட்டை, கழுத்தில் அட்டை, கையில் திறந்தபடியே லேப்டாப். “மாமா, வெளிய வாங்க. நான் பாத்துச் சொல்றேன்.”

“நீ பாத்தது போதும்டா!” என்றார் மெக்கானிக். “போன்ல படம் எடுத்து எடத்தைக் காட்டிக் கொடுத்தது நீதானே? சோத்துப் பைக்குள்ள கம்பெனிப் பெட்டியை ஒளிச்சு எடுத்துட்டு வந்தியே, அன்னிக்கே எனக்குப் புரிஞ்சிருக்கணும். உதவி பண்ற மாதிரி வந்து உளவு பாத்துட்டுப் போயிருக்கே.”

மேனேஜர் மெக்கானிக்கைப் பார்க்கவில்லை. மச்சினனைப் பார்த்தார்.

“எந்தப் பெட்டி?” என்றார்.

மச்சினன் லேப்டாப்பை மெதுவாக மூடினான். அவன் முகம் வெளுத்திருந்தது. அவன் மாமாவை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தான், அதற்கு மேல் பார்க்கவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் மெக்கானிக் தனக்குத் தானே பேசிக்கொண்டு வந்தார். பெட்டி விஷயம் வாய் தவறி வந்துவிட்டது, அது தப்புதான். ஆனால் முகம் வெளுத்ததே? குற்றம் செய்தவன் முகம்தானே அப்படி வெளுக்கும்? இந்த வாதம் பேக்கரி வரை தாங்கியது. கடை வாசலில் மனைவி நின்றிருந்தாள். தம்பி போன் செய்திருக்கிறான் என்று அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

“வேலை போயிடுச்சாம்” என்றாள். அவ்வளவுதான். துப்பறியும் சிங்கம் என்று சொல்லவில்லை, திட்டவில்லை. மாடிப்படி ஏறி வீட்டுக்குள் போய்விட்டாள். திட்டியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

நாலரை மணிக்கு டீச்சர் வந்தார். ஸ்டாண்டில் நிற்கிற வண்டியையும், முக்காலியில் உட்கார்ந்திருக்கிற மெக்கானிக்கையும் பார்த்தார். “மறுபடியுமா?”

மெக்கானிக் கம்பெனியின் சதியை முதலிலிருந்து சொன்னார். பேக்கரியில் கிளம்பியதைச் சொன்னார். வழக்கமாக அவர் சொன்னால் கேட்கிறவர்கள் ‘அப்படியா’ என்பார்கள். டீச்சர் பையை இறக்கி வைத்துவிட்டு, “அங்க கிளம்பினப்பவும் இங்க கிளம்பாதப்பவும் வண்டியில என்னென்ன வித்தியாசம்?” என்றார்.

“இடம்தான்.”

“இடத்தை விடுங்க. வண்டியில.”

“ஒரு வித்தியாசமும் இல்ல டீச்சர்.”

“அங்க ஸ்டாண்டு மேல தூக்கி வெச்சிருந்தீங்களா?”

“இல்ல. ஆனா இங்க திரும்பி வந்து, தூக்கறதுக்கு முன்னாடிகூட ஓடிட்டுத்தான் இருந்துச்சு.”

“சரி, இறக்குங்க. அழுத்துங்க.”

இறக்கினார். அழுத்தினார். முக்கோணம். மெக்கானிக்குக்குத் தன் கட்சி ஜெயித்ததில் ஒரு சின்னத் திருப்திகூட வந்தது. டீச்சர் வண்டியைச் சுற்றி வந்தார். இடது பக்கம் வந்ததும் குனிந்தார். “இது அங்க இருந்துதா?”

சைடு ஸ்டாண்டின் மூட்டுக்கு நாலு விரல் மேலே, சட்டத்தில் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது, காலிக் காந்தம்.

“அது என் போல்டு காந்தம். அதுக்கும் இதுக்கும் என்ன டீச்சர்?”

“இருந்துதா, இல்லையா?”

மெக்கானிக் கையை நீட்டிக் காந்தத்தைப் பிடுங்கினார். சாவியை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பட்டனை அழுத்தினார். வண்டி கிளம்பிவிட்டது. அணைத்தார். காந்தத்தை ஒட்டினார். முக்கோணம். எடுத்தார், கிளம்பியது. ஒட்டினார், செத்தது. டீச்சர் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டு, “இன்னொரு தடவை!” என்றார். மெக்கானிக் இன்னொரு தடவை செய்தார். இந்த ஒரு தடவையாவது கிளம்பாமல் இருக்கக் கூடாதா என்று உள்ளுக்குள் கெஞ்சினார். அவர் வாழ்க்கையில் ஒரு வண்டி கிளம்ப வேண்டாம் என்று நினைத்தது அன்றைக்குத்தான். அது கிளம்பி, அழகாக, சீராக ஓடியது.

“இதுக்குப் போயா அந்த வேன், அந்த ஷோரூம்?” என்று சிரித்தார் டீச்சர். “நல்லவேளை, வேற கடை தேடாம திரும்ப இங்கயே வந்தேன். நான் இங்க முதல்ல வந்ததே அந்தக் காந்தத்தைப் பாத்துத்தான், தெரியுமா?”

“எங்க பாத்தீங்க?”

டீச்சர் போனைத் திறந்து நீட்டினார். அதே மேப், அதே சிவப்புப் புள்ளி, அதே படம். காலையில் மெக்கானிக் கண்ணாடி இல்லாமல் கடையின் படம் என்றுதான் பார்த்திருந்தார். டீச்சர் இரண்டு விரலால் பெரிதாக்கினார். ஏதோ ஒரு வண்டியின் சட்டத்தில் காந்தம், அதில் வட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும் போல்டுகள். கீழே இரண்டு வரி இருந்தது. மெக்கானிக் படிக்கத் திணறுவதைக் கண்டு டீச்சரே படித்தார்.

“‘எங்க மாமா கடை. கழட்டின போல்டு உங்க வண்டியிலயே, உங்க கண்ணு முன்னாடியே இருக்கும். இவரை மாதிரி நேர்மையான ஆளை நான் பாத்ததில்ல.’”

படித்துவிட்டு நிமிர்ந்த டீச்சர், மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். என்ன ஆயிற்று என்று கேட்டார். மெக்கானிக் சாவியைக் கொடுத்துவிட்டு, “போய்ட்டு வாங்க டீச்சர்” என்றார். டீச்சர் போன பிறகும் காந்தம் அவர் கையிலேயே இருந்தது. அதை வீசி எறிந்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நினைப்பும் வந்தது. நிஜமாகவே வந்தது. கொஞ்ச நேரம் அந்த நினைப்போடு உட்கார்ந்திருந்துவிட்டு மாடி ஏறினார்.

மச்சினன் வந்திருந்தான். அக்காவுக்கு எதிரே, கம்பெனிச் சட்டை இல்லாமல், வெள்ளை பனியனோடு உட்கார்ந்திருந்தான். சட்டையையும் அட்டையையும் அங்கேயே வாங்கிக்கொண்டார்களாம். மாமாவைக் கண்டதும் பழக்கத்தில் எழுந்து நின்றான். அது மெக்கானிக்குக்கு அடி வாங்கியதைவிட வலித்தது.

அவர் காந்தத்தை மேஜைமேல் வைத்தார். “வண்டி இதனாலதான் கிளம்பல” என்றார்.

மச்சினன் அதைப் பார்த்தான். வேலை போனாலும் வேலைக்காரன் புத்தி போகவில்லை. “இதைப் பல்சக்கர மூடிக்குப் பக்கத்துல ஒட்டுவீங்களா?”

“ஆமா.”

“டெஸ்ட் பண்றப்பவும் ஒட்டியேதான் இருக்குமா?”

“ஆமா.”

“ஸ்டாண்டு மூட்டுக்குள்ளயே ஒரு சென்சார் இருக்கு மாமா. அதுவும் காந்தத்தை வெச்சுத்தான் பாக்கும். ஸ்டாண்டு இறங்கியிருந்தா திரையில ஸ்டாண்டு படம் வரும். இது பக்கத்துல இருந்தா ஏறியிருக்கா இறங்கியிருக்கான்னே அதுக்குப் புரியாது. அந்தக் குழப்பத்துக்குப் படம் கிடையாது. சேவை மையம்னு மட்டும் போட்டுடும்.” அவன் கொஞ்சம் நிறுத்தினான். “பெட்டியை மாட்டினா ஒரே வரியில சொல்லிடும். என்னைக் கேட்டிருந்தா அடுத்த ஞாயித்துக்கிழமையே மறுபடியும் எடுத்துட்டு வந்திருப்பேன்.”

மனைவி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“நாளைக்கே ஷோரூமுக்குப் போறேன்” என்றார் மெக்கானிக். “மேனேஜர் கால்ல விழறேன். நான் சொன்னதெல்லாம் தப்புன்னு சொல்றேன். நீ காட்டிக் கொடுக்கல, உளவு பாக்கல, என் புத்திதான் அப்படின்னு சொல்றேன்.”

“அதையெல்லாம் அவரு அப்பவே நம்பல மாமா. உங்களைப் பைத்தியம்னுதான் நெனச்சாரு.”

“அப்புறம் என்ன? பெட்டியும் வரலன்னு சொல்லிடறேன்.”

மச்சினன் காந்தத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். மேஜையின் இரும்புக் காலில் அது டக்கென்று ஒட்டிக்கொண்டது, அவன் இழுத்து எடுத்துத் திரும்பவும் மாமா பக்கம் நகர்த்தி வைத்தான்.

“அது ஒண்ணுதானே மாமா நீங்க சொன்னதுல உண்மை” என்றான்.